சூரியன் ஒரு மகா சோம்பேறி, தெரியுமா?

சூரியனைவிட நீங்கள் மும்முரமான அடுப்பு என்று சொன்னால் நம்புவீர்களா? சிரிக்க வேண்டாம், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் 60 கிலோ ஆள் ஒருவர் ஏறக்குறைய 80 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். கிலோவுக்கு ஒன்றே கால் வாட்டுக்கும் மேல். சூரியன் விடும் மொத்த ஆற்றலை அதன் மொத்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு எவ்வளவு வரும் தெரியுமா? ஒரு வாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு! எடைக்கு எடை பார்த்தால் நாம் சூரியனை ஏழாயிரம் மடங்கு மிஞ்சி நிற்கிறோம்.

சரி, உடம்பு முழுக்கச் சேர்த்து வகுத்ததால் அப்படி வந்திருக்கும், சூரியனின் நட்ட நடுவே போய்ப் பார்த்தால் கதை வேறாக இருக்கும் என்று தோன்றுகிறதா? போய்ப் பார்ப்போம். அங்கே வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. பொருள் நசுங்கி நசுங்கி, ஒரு கன மீட்டர் இடத்தில் 150 டன் அடைந்துகிடக்கிறது. ஈயத்தைவிடப் பதின்மூன்று மடங்கு அடர்த்தி, ஆனாலும் அது வாயுதான்! அந்த 150 டன்னும் சேர்ந்து உண்டாக்கும் ஆற்றல் சுமார் 280 வாட். தேங்காய்ச் சட்னி அரைக்க ஒரு மிக்ஸியை ஓடவிடுவதற்குக்கூட அது போதாது.

பின்னே வெயில் மண்டையைப் பிளப்பது எப்படி? எல்லாம் உருவத்தால்தான். சூரியனின் குறுக்களவு 13.9 லட்சம் கிலோமீட்டர். பூமிகளை வரிசையாக அடுக்கினால் குறுக்கே 109 நிற்கும், உள்ளே கொட்டினால் 13 லட்சம் பூமிகளுக்கு இடம் உண்டு. சூரியக் குடும்பத்தின் மொத்த எடையில் 99.86 சதவீதம் சூரியன் ஒன்றே. வியாழன், சனி, பூமி, நிலா, நீங்கள், நான் எல்லாரும் சேர்ந்து மீதிச் சில்லறை! அவ்வளவு பெரிய உடம்பில் ஒவ்வொரு கிலோவும் துளித்துளியாகக் கசியவிட்டாலே போதும், அண்டவெளியில் பெருவெள்ளம் ஓடும். அந்த வெள்ளத்தில் பூமிக்கு வந்து சேர்வது 220 கோடியில் ஒரு பங்குதான். அதற்கே நாம் குடை பிடிக்கிறோம்.

இந்தச் சோம்பல் எங்கிருந்து வந்தது? சூரியனைப் பற்றிய கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சூரியன் எரியவில்லை என்பது தெரியுமா? எரிவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், கட்டை வேண்டும். சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்திருந்தால் ஐயாயிரம் ஆண்டு வாக்கில் சாம்பலாகியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் கெல்வின் வேறொரு வழி பார்த்தார். சூரியன் தன் எடையாலேயே மெல்லச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கமே வெப்பமாகிறது என்று கணக்கிட்டார். வந்த விடை சில கோடி ஆண்டுகள். நிலவியல் அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டார்வினுக்கும் அந்தக் கணக்கு பெரிய தலைவலியாக இருந்தது, உயிர்கள் மெல்ல மெல்ல மாறி வர அவ்வளவு காலம் பத்தவே பத்தாது. பாறைகள் மறுபக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்று இன்று நமக்குத் தெரியும்.

1920இல் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஒரு யோசனை சொன்னார். நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கருவானால், எடையில் 0.7 சதவீதம் காணாமல் போகிறது. அந்த எடைதான் ஐன்ஸ்டைன் சொன்னபடி ஆற்றலாகிறதோ? அருமையான யோசனைதான், ஆனால் இயற்பியலாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஹைட்ரஜன் அணுக்கரு என்பது ஒற்றைப் புரோட்டான். இரண்டு புரோட்டான்களுக்கும் ஒரே வகை மின்னூட்டம், கிட்டே வரும்போதே ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும். அந்த எதிர்ப்பை முட்டி மோதித் தாண்ட வேண்டுமானால் ஆயிரம் கோடி டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூரியனின் நடுவிலோ வெறும் ஒன்றரைக் கோடி. சூரியனுக்குப் போதிய சூடில்லை! அப்போதிருந்த இயற்பியலின்படி அது ஒளிரவே கூடாது!

காப்பாற்ற வந்தது குவாண்டம் இயற்பியல். துகள் என்பது துகளும்தான், அலையும்தான். ஆகவே தாண்ட முடியாத தடையின் மறுபுறத்தில் அது முளைத்துவிட மிக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. குவாண்டம் சுரங்க விளைவு என்று இதற்குப் பெயர். 1929இல் ராபர்ட் அட்கின்சனும் ஃபிரிட்ஸ் ஹவுட்டர்மன்ஸும் இதைச் சூரியனுக்குப் பொருத்திக் காட்டினார்கள். 1930களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே முழு வினைத்தொடரையும் எழுதி முடித்தார், 1967இல் நோபல் பரிசு வந்தது.

ஆனால் தடையைத் துளைத்து உள்ளே நுழைந்துவிட்டால் காரியம் முடிந்ததா? இல்லை! இரண்டு புரோட்டான்கள் மட்டும் ஒட்டி நிற்காது. அவை நெருங்கிய அந்த இமைப்பொழுதில், இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அது நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். சூரியனின் நடுவில் ஒரு புரோட்டான் மற்றவற்றோடு மோதிக்கொண்டே இருக்கிறது. நொடிக்குக் கோடானுகோடி மோதல்கள். கடைசியில் அதற்கு ஒரு ஜோடி அமைய சராசரியாக எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகள்! ஜோடி அமைந்தபின் அடுத்த புரோட்டான் வந்து ஒட்டிக்கொள்வதற்குச் சில நொடிகள் போதும். முதல் படியில்தான் இத்தனை தாமதம். அந்தத் தாமதம் இல்லையென்றால் சூரியனின் சரக்கு என்றைக்கோ தீர்ந்திருக்கும். பூமியில் புல் முளைக்கக்கூட நேரம் கிடைத்திருக்காது.

புரோட்டான்கள் எண்ணிக்கையில் அவ்வளவு இருப்பதால், இந்த ஆமை வேகத்திலும் நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 42 லட்சம் டன் எடை ஆற்றலாகக் கரைந்து போகிறது. இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் இன்னும் ஒரு கோடி டன் போயிருக்கும். பிறந்த நாள் முதல் இப்படி இழந்தது நூறு பூமிகளின் எடை. சூரியனுக்கு அது கணக்கே இல்லை, மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்றுகூட அல்ல!

இன்னொரு அதிசயம். அணுக்கரு இணைவு என்றால் ஹைட்ரஜன் குண்டு நினைவுக்கு வருகிறதே, சூரியன் ஏன் குண்டாக வெடிக்கவில்லை? நடுவில் கொஞ்சம் சூடு கூடினால் அந்தப் பகுதி விரிகிறது. விரிந்தால் ஆறுகிறது, ஆறினால் இணைவு குறைகிறது. சூடு குறைந்தால் மேலே உள்ள சுமை அழுத்தி மறுபடி சூடேற்றுகிறது. ஆள் வைக்காமல், பொத்தான் இல்லாமல், 460 கோடி ஆண்டுகளாகத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு.

இதையெல்லாம் கணக்கிட, சூரியன் ஹைட்ரஜனால் ஆனது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நூறு ஆண்டுக்கு முன்புவரை அது யாருக்கும் தெரியாது என்பது தெரியுமா? சூரிய ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் இரும்பின் கோடுகள், கால்சியத்தின் கோடுகள் எனக் குவிந்து கிடக்கும். ஆகவே சூரியனும் பூமியைப் போன்ற சரக்குதான், சூடான பூமி, அவ்வளவே என்று பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். 1920இல் மேகநாத் சாகா ஒரு சமன்பாட்டைத் தந்தார். வெப்பத்துக்கு ஏற்ப அணுக்கள் எலக்ட்ரான்களை எவ்வளவு இழக்கும் என்று சொல்லும் சமன்பாடு. கேம்பிரிட்ஜில் படித்தும் பெண் என்பதால் பட்டம் கிடைக்காத சிசிலியா பெய்ன், அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய், சாகாவின் சமன்பாட்டைக் கையில் எடுத்து அந்தக் கோடுகளைப் படித்தார். கோடு தடிமனாக இருந்தால் சரக்கு அதிகம் என்று பொருளல்ல, வெப்பம்தான் கோட்டைத் தீர்மானிக்கிறது. கணக்கைப் போட்டால், விண்மீன்களில் ஹைட்ரஜன் உலோகங்களைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம்!

1925இல் ஆய்வேடு. அக்காலத்தின் பெரிய தலை ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். இருபத்தைந்து வயதுப் பெண், எதிரே ரஸ்ஸல். ஹைட்ரஜன் பற்றிய தன் முடிவு ஏறக்குறைய நிச்சயமாக உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதிவைக்க வேண்டியதாயிற்று. நான்கே ஆண்டுகளில் ரஸ்ஸல் வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்தார். பெய்னின் வேலையைக் கட்டுரையில் குறிப்பிட்டார், அது நியாயம்தான். ஆனால் வெகுகாலம் புகழ் ரஸ்ஸல் பக்கமே ஒதுங்கியது என்பதும் நடந்த கதை. பெய்னுக்குப் பேராசிரியர் பதவி வர 1956 ஆயிற்று. இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும் விடை: எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், மற்றதெல்லாம் சேர்ந்து இரண்டு சதவீதத்துக்கும் கீழே.

ஹீலியம் என்றதும் ஆந்திரக் கடற்கரைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்! 1868 ஆகஸ்டு 18 அன்று முழு சூரிய கிரகணம். பிரான்ஸிலிருந்து வந்த பியேர் ஜான்ஸன் குண்டூரில் கருவியோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில். நிலா சூரியனை மறைத்ததும் அதன் விளிம்பிலிருந்து எழுந்த தீச்சுவாலைகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் சோடியம் அல்ல. அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலே அதைப் பார்த்து, புதுத் தனிமம் என்று துணிந்து பெயரிட்டார். பலர் நம்பவில்லை. 1895இல்தான் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பூமியில் கிடைக்கும் முன்பே 27 ஆண்டுகள் சூரியனில் மட்டும் அறியப்பட்டிருந்த தனிமம், இப்போது பொருட்காட்சி பலூனில்!

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், சில்லறைச் செய்திகள் கொஞ்சம் உண்டு. சூரியன் மஞ்சள் நிறம் அல்ல, வெள்ளை! மஞ்சள் பூசுவது நம் காற்று மண்டலம். சூரியனுக்கு ஒரே நாள் கணக்குக் கிடையாது: நடுவயிறு 25 நாளில் ஒரு சுற்று முடிக்கும், துருவப் பக்கம் 35 நாள் இழுக்கும், திடப்பொருளாக இல்லாததால் வந்த வசதி. மார்கழிப் பனியில் நாம் நடுங்கும் ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜூலையில் 50 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது, சூட்டைத் தீர்மானிப்பது பூமியின் சாய்வு. சூரியன் குடும்பத்தோடு பால்வெளியைச் சுற்றி வர 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. போன சுற்றில் இதே இடத்துக்கு வந்தபோது டைனோசர்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன!

வெயிலின் வயது தெரியுமா? எட்டு நிமிடம் இருபது நொடி என்று எல்லாரும் சொல்வார்கள். அது கடைசிப் பயணம் மட்டும். நடுவில் பிறந்த ஒளி நேராக வெளியே வர முடியாது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் மோதல், திசை மாற்றம், மறுபடி மோதல். முன்னே போனது பின்னே வரும், பின்னே வந்தது பக்கவாட்டில் போகும். இப்படித் தள்ளாடித் தள்ளாடி ஆற்றல் மேற்பரப்பைத் தொட ஒரு லட்சம் ஆண்டு அளவில் ஆகிறது. கணக்குப் போடுபவரைப் பொறுத்து இது கூடும், குறையும். ஒரே ஒளித்துகள்தான் அப்படி அலைந்து வெளியே வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. வழியில் உறிஞ்சப்பட்டு, திரும்ப உமிழப்பட்டு, ஒரு காமா கதிர் லட்சக்கணக்கான சாதாரண ஒளித்துகள்களாகச் சிதறித்தான் வெளியே வருகிறது.

ஆனால் ஒருவன் மட்டும் இந்த நெரிசலைக் கண்டுகொள்வதே இல்லை. நியூட்ரினோ! புரோட்டான் நியூட்ரானாக மாறும்போது பிறப்பவன். நடுவிலிருந்து கிளம்பி இரண்டே நொடியில் சூரியனைவிட்டு வெளியே. இப்போது உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கின்றன. இரவிலும்தான், பூமியைத் துளைத்துக் காலடியிலிருந்து மேலே வரும்!

இதைப் பிடிக்கக் கிளம்பியவர் ரே டேவிஸ். அமெரிக்காவின் தெற்கு டகோடாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினார். அதில் நிரப்பியது என்ன தெரியுமா? டிரை கிளீனிங் கடைகளில் துணி வெளுக்கும் திரவம், 3.8 லட்சம் லிட்டர்! அதிலுள்ள குளோரின் அணுவில் நியூட்ரினோ பட்டால் அது ஆர்கானாக மாறும். வாரக்கணக்கில் காத்திருந்து, அவ்வளவு திரவத்திலிருந்து விரல்விட்டு எண்ணும் கணக்கில் ஆர்கான் அணுக்களை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தார்! எண்ணிக்கைதான் இடித்தது. எவ்வளவு வர வேண்டும் என்று இயற்பியலாளர் ஜான் பாகால் கணக்கிட்டுச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. டேவிஸின் கருவி தப்பு என்றார்கள், பாகாலின் கணக்கு தப்பு என்றார்கள், சூரியனின் நடு அடுப்பு அணைந்துகொண்டிருக்கிறதோ என்றுகூடப் பயந்தார்கள். முப்பது ஆண்டுகள் இழுத்த வழக்கு. 2001, 2002இல் கனடாவின் சட்பரிச் சுரங்கத்தில் ஆயிரம் டன் கனநீர் வைத்து நடத்திய ஆய்வு தீர்ப்புச் சொன்னது: கருவியும் சரி, கணக்கும் சரி, நியூட்ரினோதான் வரும் வழியில் வேடம் மாற்றிக்கொள்கிறது! மூன்று வகை நியூட்ரினோக்களில் ஒரு வகையை மட்டுமே டேவிஸின் தொட்டி பிடிக்கும். 2002இல், எண்பத்தெட்டு வயதில், டேவிஸ் நோபல் பரிசு வாங்கினார்.

இனி மேற்பரப்புக்கு வருவோம். அங்கே 5,500 டிகிரி. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறைய வேண்டும் அல்லவா? சூரியனிடம் அந்த நியாயம் செல்லாது! மேற்பரப்பைத் தாண்டி வெளியே போனால், கிரகணத்தின்போது வெண்மையாகத் தெரியும் கொரோனாவில் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் எகிறுகிறது. 1869 கிரகணத்தில் அங்கே ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தவர்கள், ஹீலியம் போல இதுவும் புதுத் தனிமம் என்று நினைத்து கொரோனியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து வால்டர் குரோட்ரியனும் பெங்ட் எட்லேனும் குட்டை உடைத்தார்கள். அது சாதாரண இரும்பு! தன் 26 எலக்ட்ரான்களில் 13ஐ இழந்த இரும்பு. அந்த அளவுக்கு உரிக்கப் பத்து லட்சம் டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கீழேயிருந்து மேலே ஏற்றுவது காந்தப்புலம் என்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை. அலைகளாக ஏற்றுகிறதா, சின்னச் சின்ன வெடிப்புகளாகவா என்பதில்தான் இன்னும் வழக்கு.

கொதிக்கும் கொரோனாவைச் சூரியனால் கட்டிப்பிடித்து வைக்க முடியாது, அது காற்றாக வெளியே வீசியே தீரும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் எழுதினார். கட்டுரையைப் படித்துப் பார்த்த இரண்டு நிபுணர்களும் குப்பை என்று திருப்பிவிட்டார்கள். இதழின் ஆசிரியர் கணக்கைத் தானே சரிபார்த்தார், பிழை ஒன்றும் அகப்படவில்லை, அச்சுக்கு அனுப்பினார். அந்த ஆசிரியர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்! சில ஆண்டுகளில் விண்கலங்கள் அந்தச் சூரியக் காற்றை நேரில் அளந்துவிட்டன. 2018இல் நாசா சூரியனை நோக்கி அனுப்பிய கலத்துக்குப் பார்க்கரின் பெயர், அது கிளம்புவதை 91 வயதில் அவரே நேரில் நின்று பார்த்தார். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், மணிக்கு 6.9 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. பத்து லட்சம் டிகிரி கொரோனாவுக்குள் உருகாமல் எப்படி? கொரோனா அவ்வளவு மெல்லியது. துகள் ஒவ்வொன்றும் பயங்கர வேகம், ஆனால் வந்து மோதும் துகள்கள் சொற்பம். கலத்தைச் சுடுவது சூரிய ஒளிதான். அதைத் தடுக்கப் பதினொன்றரை சென்டிமீட்டர் தடிமனில் ஒரு கார்பன் கேடயம்.

நம் ஆதித்யா எல்1 விண்கலம் அவ்வளவு கிட்டே போகவில்லை, போக வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், கிரகணமும் இரவும் மறைக்காத இடத்தில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது கிளம்பியபோது திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர். கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்பதும், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கண்டுபிடித்தார் என்பதும் கொடைக்கானலுக்குப் படகு விடப் போகும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, இந்தச் சோம்பேறி எத்தனை காலம் தாங்கும்? விண்மீன்களில் உடம்பு பெருத்தவை ஊதாரிகள். எடை பத்து மடங்கானால் செலவு ஆயிரக்கணக்கான மடங்காகும். திருவாதிரையைப் பாருங்கள், பிறந்து ஒரு கோடி ஆண்டு ஆகியிருந்தால் அதிகம், அதற்குள் அந்திமக் காலம். நமக்கு அடுத்த வீட்டு விண்மீனான பிராக்ஸிமா செந்தாரியோ சூரியனில் எட்டில் ஒரு பங்கு எடை, மகா கஞ்சன், லட்சம் கோடிக் கணக்கான ஆண்டுகள் மினுக்கிக்கொண்டிருக்கும். சூரியன் பாதி வாழ்வை முடித்திருக்கிறது, இன்னும் 500 கோடி ஆண்டுக்குச் சரக்கு உண்டு. ஆனால் பூமிக்கு அவ்வளவு காலம் கிடையாது. சூரியன் நூறு கோடி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. கடல்கள் வற்ற அடுத்த பத்து சதவீதமே போதுமாயிருக்கலாம்.

கடைசியில் அது ஊதிப் பெருத்துச் செம்பூதமாகி, புதனையும் வெள்ளியையும் விழுங்கி, மேல்தோலை உதறிவிட்டு, பூமி அளவே உள்ள வெண்குள்ளனாகச் சுருங்கும். வெடிக்காது. அதற்கும் சந்திரசேகர்தான் கணக்குச் சொன்னார்: சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால்தான் வெண்குள்ளன் தாங்காமல் நொறுங்கும். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அவர் தொடங்கிய கணக்கு அது. இணைவு நின்றுபோன அந்தக் குள்ளன் புதிதாக எதையும் உண்டாக்காது, இருக்கும் சூட்டை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். அதிலும் அப்படி ஒரு நிதானம்! பிரபஞ்சம் பிறந்து 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன, எங்கும் ஒரு வெண்குள்ளன்கூட முழுதாக ஆறி அணைவதற்கு இந்தக் காலம் போதவில்லை.